வாடகைக்கு விட ஒரு வீடு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விக் கழகத்தின் விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, வாடகைக்கு விடும் பொருட்டு முதன்முதலாக ஒரு வீடு வாங்க முனைவோர் அறிய வேண்டுவன யாவை என்பது. இத்தலைப்பு ஈண்டு எதற்கு எனச் சிலர் கருதக்கூடும். நம் பிள்ளைகள் படித்தார்கள்; ஆசிரியராக, செவிலியராக, வங்கி ஊழியராக, கணிப்பொறித் துறையினராகப் பணியில் அமர்ந்தார்கள். மாதந்தோறும் சம்பளம் வருகிறது. அச்சம்பளம் எங்கே போகிறது, எதில் நிலைக்கிறது என்று கேட்கக் கற்பதும் கல்வியின் பாற்பட்டதே. நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. இன்று இடமுண்டு.

வாடகைக்கு வீடு தேடி நகரத்தில் அலைந்த அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை? வாசலில் பலகை தொங்கும். உள்ளே சென்றால், ‘சொந்த ஊர் எது?’ என்பது முதல் வினா. ‘ஊரில் எந்தத் தெரு?’ என்பது அடுத்த வினா. விடையைப் பாதி சொல்லி முடிக்குமுன், ‘நேற்றுத்தான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்’ என்பர். பலகை மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும். 1917-ஆம் ஆண்டு, அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிப் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. பின்னாளில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை அவர் எழுப்பியபோது, தம் நூல்களுக்கென்றே அதில் பெரும் இடம் ஒதுக்கினார் என்பதையும் நாம் அறிவோம். நூறாண்டு கழிந்து நிலை மாறிவிட்டதா? பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோர் நிலையை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். தலித்துகளும் முஸ்லிம்களும் நேரடியாக மறுக்கப்பட்டதையும், மறுக்கப்படாத இடங்களில் கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்பட்டதையும் அவ்வாய்வு பதிவு செய்துள்ளது.

ஆகவே நம்மவர் ஒருவர் நகரில் வாடகைக்கு விடும் வீடொன்றை உடைமையாக்கினால், அது அவருக்கு வருவாய். நாளை அந்நகருக்குப் படிக்கவோ பணிசெய்யவோ வரும் நம் பிள்ளைக்கு ஒரு கதவு. இவ்விரண்டில் முதலாவது நிலைத்தால்தான் இரண்டாவது நிலைக்கும். வீடு கடனில் மூழ்கி ஏலத்திற்குப் போனால் கதவும் அத்துடன் மூடிவிடும். எனவே உணர்ச்சியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் புறத்தே, இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீடு 24 இலட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது எனக் கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கே, முறையைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் முன்பு 4 விழுக்காடாக இருந்து 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைக்கப்பட்டது. ஆக 9 விழுக்காட்டுக்கு 2,16,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட மிகுதியாக இருந்தால் அம்மதிப்பின் மீதே இது கணக்கிடப்படும். வழக்கறிஞர் கருத்துரை, பத்திர எழுத்தர் கூலி, குடிவைக்கு முன் செய்யும் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 84,000 என வைத்தால், வீட்டின் உண்மையான விலை 27 இலட்சம். ‘இருபத்து நாலுக்கு வாங்கினேன்’ என்று சொல்லிக்கொள்பவர் மூன்று இலட்சத்தைக் கணக்கில் மறந்தவர்.

ஒரு போர்ஷனுக்கு 5,500 வீதம் மாதம் 11,000, ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் வாடகை. இதில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என 11,000 கழியுங்கள். வெள்ளையடித்தல், குழாய், ஒழுகும் தளம் இவற்றுக்கு 12,000. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் 5,000. எஞ்சுவது 1,04,000. இட்ட முதலுக்கு இது நான்கு விழுக்காட்டையும் எட்டவில்லை. வங்கியில் வைப்புத் தொகையாக இட்டால் இதனினும் மிகுதி கிடைக்கும். வாடகை வீடு பொன் முட்டையிடும் வாத்து என்று தரகர் சொல்லும்போது இந்தக் கணக்கை மடியில் வைத்திருங்கள்.

கடன் வாங்கினால் நிலை இன்னும் இறுகும். 16 இலட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 15 ஆண்டுகள் எனில் மாதத் தவணை 16,228 ரூபாய். வாடகையில் மாதம் கைக்கு நிற்பது 8,667. எஞ்சிய 7,500-க்கு மேற்பட்ட தொகை ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வாடகையே கடனை அடைத்துவிடும் என்னும் நம்பிக்கை தொடக்க ஆண்டுகளில் பொய்க்கும். பின் எதற்கு வாங்குவது? தவணை பெரிதும் ஒரே அளவில் நிற்கும். வாடகை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறும். ஏழெட்டு ஆண்டுகளில் இடைவெளி சுருங்கி, பதினைந்தாம் ஆண்டின் முடிவில் வீடு முழுமையும் நம்முடையதாகும். மனையின் விலை ஏறினால் அது மிகை ஊதியம். ஏறும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆகவே அதனை நம்பி வாங்குதல் கூடாது.

முதல் வீடு வாங்கும் இளைஞருக்கு நாம் சொல்ல விரும்பும் வழி ஒன்றுண்டு. இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை வாங்கி, ஒன்றில் தாமே குடியிருந்து மற்றொன்றை வாடகைக்கு விடுங்கள். இதுகாறும் தாம் கொடுத்துவந்த வாடகை 6,000 எனில் அது மிஞ்சும், 5,500 வரவாகும். தவணையில் கைப்பொறுப்பு 4,728 ஆகக் குறையும். வரியும் பழுதும் சேர்ந்தால் சற்று ஏறும், அவ்வளவே. வாடகைக்காரரோடு பழகும் முறை, குழாய் உடைந்தால் யாரை அழைப்பது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்பன எல்லாம் உடனிருந்து கற்கலாம். பெருநகரில் அடுக்குமாடியில் ஒன்றை வாங்கிவிட்டு வேறோர் ஊரில் இருந்துகொண்டு வாடகையை எதிர்பார்ப்பது, பழகியவர் செய்யத்தக்க தொழில். முதல் அடி அங்கே வேண்டா. சிப்காட் தொழிற்பேட்டைகளை ஒட்டி லைன் வீடு கட்டி விடுவோர் நல்ல வாடகை பெறுகின்றனர், உண்மை. ஆயின் ஆலையொன்று ஆட்குறைப்புச் செய்தால் வரிசை முழுவதும் ஒரே மாதத்தில் காலியாகும்.

போக்கியத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று இலட்சமோ ஐந்து இலட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகையின்றிக் குடியமர்த்தும் இம்முறை நம் ஊர்களில் பெருவழக்கு. தங்கையின் திருமணத்திற்கோ தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கோ அத்தொகை செலவாகிவிடும். ஈராண்டு கழித்துப் போக்கியக்காரர் பணத்தைக் கேட்பார். கொடுக்க வழியின்றி மேலும் பெரிய தொகைக்கு மற்றொருவரைத் தேடுவோம். வீடு நம் பெயரில் இருக்கும். பயன் முழுவதும் பிறர் கையில் இருக்கும். போக்கியத் தொகை வருவாய் அன்று. திருப்பித் தர வேண்டிய கடன். அதேபோல், நாம் வாங்கும் வீட்டில் ஏற்கெனவே போக்கியக்காரர் குடியிருந்தால், அவருக்கு யார் பணம் திருப்புவது என்பதைக் கிரயத்திற்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடனில் மறவாது நெஞ்சில் நிறுத்த வேண்டியது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன் எனக் குறிக்கப்படும். 60 நாள் அறிவிப்பு அனுப்பிவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட இயலும். எனவே ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையை, நம் எடுத்துக்காட்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாயை, தனிக் கணக்கில் வைத்த பின்னரே முன்பணம் கொடுக்கப் புறப்படுங்கள். அத்தொகை சேரவில்லை எனில் இன்னும் ஓராண்டு காத்திருத்தல் நலம். வீடு எங்கும் ஓடிவிடாது, தரகர்தாம் ஓடுவார்.

இனிப் பத்திரங்களுக்கு வருவோம். ஏட்டில் இருந்த நிலம் கையில் இல்லாமற் போன வரலாறு நம்முடையது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்து, சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்கும் திட்டம் வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. முதற் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்றல் செல்லாது என்பது நிபந்தனை. அந்நிபந்தனை ஏட்டில் நிற்க, நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறிற்று. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர்.

இந்த வரலாறு வீடு வாங்குவோருக்கு நேரடியாகத் தொடர்புடையது. இன்று மனைகளாகப் பிரித்து விற்கப்படும் நிலங்களுள் பஞ்சமி நிலங்களும் உண்டு. வண்ணக் கொடி நட்டு, தார்ச்சாலை இட்டு, ‘எளிய தவணை’ என்று நம் தெருவிலேயே துண்டறிக்கை கொடுத்துச் செல்வார்கள். உரிமையே இல்லாதவரிடம், நம் முன்னோருக்கென ஒதுக்கிய நிலத்தை, நாமே விலை கொடுத்து வாங்குவதா? வாங்கினாலும் அக்கிரயம் நிலைக்காது. ஆகவே சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ அ-பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனை ஒப்படைப்பு என்னும் குறிப்பு இருப்பின் அம்மனையை விட்டு விலகுங்கள். ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். அவ்வாறே ஆதிதிராவிடர் நலத்துறை இலவசமாக வழங்கிய வீட்டுமனைப் பட்டாக்களிலும் விற்பனைத் தடை நிபந்தனை உண்டு. மருத்துவச் செலவுக்குத் தவிக்கும் உறவினர் ஒருவர் அத்தகைய மனையைக் குறைந்த விலைக்குத் தர முன்வரலாம். சட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்தாலும், நம்மவர் தலைக்கு மேலிருக்கும் ஒரே கூரையை நாம் வாடகைக்கு விடும் சரக்காக்குதல் தகுமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஏனைய ஆவணங்களைச் சுருங்கச் சொல்வோம். முப்பது ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத் துறையின் இணையத்தளத்திலேயே இன்று பார்க்கலாம். பதிவு செய்யப்படாத அடமானமும் போக்கியமும் அதில் தெரியா. ஆகவே மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்த்தே தீர வேண்டும். அசல் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் அது யாரிடமேனும் அடகில் இருக்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அளவு பொருந்துகிறதா என்று காணுங்கள். பூர்விகச் சொத்தாயின் பெண் மக்களின் கையெழுத்து வேண்டும். இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பிறப்புரிமைப் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. ‘தங்கை ஒன்றும் கேட்க மாட்டாள்’ என்னும் வாய்ச்சொல் பத்து ஆண்டு கழித்து நீதிமன்ற அழைப்பாணையாக வரும். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கொண்டு சொத்துரிமை மாறாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது; முகவர் விற்றால் முதல்வர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் காணுங்கள். அங்கீகாரமற்ற மனைப் பிரிவாயின், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதி வகுத்தது. அந்த ஆணை உள்ளதா எனக் கேளுங்கள். கோயில் இடத்தில் கட்டிய வீடுகளில் கட்டடம் மட்டுமே விற்பவருடையது, மனை அவருடையதன்று.

நம் தெருவை விட்டு வெளியே வீடு பார்க்கும்போது மற்றோர் இடையூறும் நேரும். விலை பேசி முடிந்த பின், பக்கத்து வீட்டார் சொல் கேட்டு விற்பவர் பின்வாங்குவார். அல்லது, ‘இன்னொருவர் மேலும் இரண்டு இலட்சம் தருகிறார்’ என்பார். இதற்கு மருந்து வாய்ச்சண்டை அன்று. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கிரய உடன்படிக்கையை எழுதிப் பதிவு செய்யுங்கள். அதனைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் சட்டப்படி கட்டாயமும் ஆகும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது; வங்கி வழியே செலுத்துங்கள். பதிவு செய்த உடன்படிக்கை கையில் இருந்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி நீதிமன்றம் செல்லலாம். இல்லையேல் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவே நடையாய் நடக்க வேண்டும். பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருத்தல் நன்று; பத்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகையும் உண்டு.

வீடு வாங்கியாயிற்று. குடிவைப்பது எவ்வாறு? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும் என்கிறது அச்சட்டம். முன்பணத்திற்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சுட்டுகிறது. பத்து மாத முன்பணம் கேட்ட வீட்டுக்காரரை ஒருகாலத்தில் திட்டித் தீர்த்த நாம், வீட்டுக்காரர் ஆனதும் பத்து மாதம் கேட்பது வேடிக்கை. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள். இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்னும் சலுகை குடியிருப்பவரைச் சேரும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே விலை வைத்து வாங்கும் சச்சரவும் ஒழியும். வாடகை வருவாயை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். சொத்து வரி போக எஞ்சியதில் 30 விழுக்காடு பழுதுபார்ப்பிற்கெனக் கழிக்கப்படும். கடன் வாங்கச் செல்லும் அடுத்த முறை அக்கணக்கே நமக்குச் சான்றாக நிற்கும்.

உறவினரைக் குடிவைப்பதில்தான் நம்மவர் பலர் இடறுகின்றனர். அண்ணன் மகனிடம் ஒப்பந்தம் கேட்பது எப்படி என்று கூசுவோம். மூன்று மாதம் வாடகை வராவிடில் சொல்லவும் முடியாது, விடவும் முடியாது. இறுதியில் வாடகையும் போய் உறவும் போகும். உதவ வேண்டுமெனில் வெளிப்படையாக உதவுங்கள். 5,500 ரூபாய் வீட்டை 4,000-க்கு விடுகிறோம், இத்தனை மாதத்திற்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். படிக்கும் பிள்ளைக்குக் குறைப்பதானால் படிப்பு முடியும் வரை என்று எழுதுங்கள். அந்த 1,500 ரூபாய் நாம் அறிந்து தரும் கொடை. நிலுவை என்பது நாம் அறியாமல் பறிபோவது. இரண்டுக்கும் இரசீது வேறு.

குடிவருவோரிடம் என்ன கேட்பது? எங்கே வேலை, எத்தனை பேர் இருப்பீர்கள், முன்பிருந்த வீட்டை விட்டது ஏன், அடையாள அட்டையின் நகல் உண்டா என்று கேளுங்கள். இயலுமெனில் முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு சொல் விசாரியுங்கள். இவை வீட்டுக்காரருக்கு உரிய கேள்விகள். ஊரில் எந்தத் தெரு என்னும் கேள்வி நம் வாயிலிருந்து வருதல் ஆகாது. இதனை இம்மேடையில் சொல்லக் காரணம் உண்டு. நம்மவர் கட்டிய வீடுகளிலேயே, நம்முள் இன்ன பிரிவா, அன்ன பிரிவா என்று விசாரித்து, தூய்மைப் பணியாளர் குடும்பம் என்றால் ‘வாக்குக் கொடுத்துவிட்டோம்’ என்று அனுப்பும் வழக்கம் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. கேட்க வெறுப்பாக இருக்கும், ஆயினும் உண்மை. அந்தக் குடும்பத்தின் பிள்ளையும் இக்கழகத்தின் பிள்ளைதான்.

வில்லங்கச் சான்றைப் படிக்கும் முறையைப் பற்றிச் சில இளைஞர்கள் முன்னரே எழுத்தில் வினா அனுப்பியுள்ளனர். அதற்கு ஒரு மணி நேரமேனும் வேண்டும். பிற்பகல் அமர்வில், தம் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கொண்டு வந்திருப்பவர்களோடு அமர்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.